ஈசானிய மூலையில் ஒன்பது தானியம்

பிப்ரவரி 3, திங்கள். வெட்டுவான்மேடு முகாம்

அகழாய்வின் முதல் நாள். காலை 6.40-க்கே குழிக்குப் போய்விட்டேன். ஏழரைக்கு ராகு காலம் தொடங்குகிறது என்பதற்காக அல்ல. வெயில் ஏறுவதற்குள் இடத்தைப் பார்த்துவிடலாமே என்றுதான்.

சரி, இது என் சொந்த நாட்குறிப்பு. இதிலுமா? ராகு காலத்துக்காகத்தான் போனேன்.

போன பருவத்தில் மூன்று குழி தோண்டி ஓர் உடைந்த குழவிகூட எனக்குக் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் தாழிமேட்டில் பொன்னம்பலநாதன் பதினேழு முதுமக்கள் தாழி எடுத்து, எல்லாப் பத்திரிகையிலும் சிரித்துக்கொண்டு நின்றார். என்னைவிட நான்கு வயது இளையவர். வாயாலேயே குழி தோண்டுகிறவர். துறையில் இப்போது இணை இயக்குநர் பதவி ஒன்று காலி. பட்டியலில் இரண்டே பேர்: அவரும் நானும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். இந்தப் பருவத்தில் எதையாவது எடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் துணை இயக்குநர் குற்றாலிங்கமாகவே வீட்டுக்குப் போய்க் கோமதிக்குக் கத்தரிக்காய் நறுக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

கோமதி என் மனைவி. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பும்போதே ஒரு துணிப்பையில் நவதானியம், நெய், சூடம், குங்குமம், சிரட்டை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஜோசியர் சொன்னாராம்: குழியின் ஈசானிய மூலையில் சின்னதாக அக்னி வளர்த்து, ஒன்பது தானியத்தையும் அதில் போட்டு, அப்படியே மண்ணைத் தள்ளி மூட வேண்டும், ஒரு மண்டலத்துக்கு அந்த மூலையைத் தொடக்கூடாது. நான் பகுத்தறிவாளன். 'அகழாய்வுக் குழிகளில் எவ்விதப் பூஜையும் நடத்தலாகாது' என்ற துறைச் சுற்றறிக்கையை எழுதியவனே நான்தான். ஆனால் கோமதி பகுத்தறிவாளர் இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டும் பகுத்தறிவோடு இருந்து என்ன பிரயோஜனம்?

துணைக்கு மாடத்தியை மட்டும் கூட்டிக்கொண்டேன். இந்த ஊர்க்காரி, வேலையாட்களுக்குத் தலைவி, பதினொரு பருவம் மண் சுரண்டிய கை. மூலையில் ஒரு முழம் தோண்டினாள்.

"சார், இங்கன மண்ணு பொதபொதங்குல்லா. கீழ என்னமோ கெடக்கு."

"அதெல்லாம் அப்புறம். நெருப்பைப் பத்தவை."

காற்று அடித்ததில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை. "பாதித் தானியம் கருகவே இல்லயே சார்" என்றாள். ராகு காலத்துக்கு எட்டு நிமிடம்தான் இருந்தது. போதும் மூடு என்றேன். கையைத் தட்டிவிட்டு எழுந்தவளிடம், இந்த விஷயம் யாருக்கும் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"நா யாருட்ட சார் சொல்லப்போறேன்."

துறைக் குறிப்பேட்டில், 'காலை 9.05, பணி தொடக்கம்' என்று மட்டும் எழுதினேன். இந்த ஏ-4 குழியை நான்கு கட்டமாகப் பிரித்து, வடகிழக்குக் கட்டத்தைக் கடைசியாகத் தோண்டும்படி உத்தரவிட்டேன். காரணம் கேட்டால் 'அறிவியல் முறை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6

தலைமையகத்திலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் ஜெபக்கனி, நாசரேத்துக்காரி. பழங்காலத் தாவர ஆய்வாளராம். ஒப்பந்த வேலை, மே 31 வரை. வேலையைப் பார்த்துவிட்டு நீட்டிப்பார்களாம்.

நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று, டீ வடிகட்டி அரை டஜன், ஒரு நுண்ணோக்கி. இவ்வளவுதான் அவளுடைய சாமான். பானைக்குள் இருக்கும் மண்ணை டிரம்மில் கரைப்பாள். கருகிய விதை ஏதும் இருந்தால் மேலே மிதக்கும். அதை வடிகட்டியில் அள்ளிக் காயவைத்துப் பார்ப்பாள். நாங்கள் நாகரிகத்தைத் தேடுகிறோம், இவள் உமியைத் தேடுகிறாள். அவள் டிரம்முக்குத் தண்ணீர் போனதால் எனக்குக் குளிக்க அரை வாளிதான் மிஞ்சியது.

பிப்ரவரி 11

ஓடு, ஓடு, இன்னும் ஓடு. முகாமில் தினமும் அதே சாம்பார். வயிறு சரியில்லை.

பிப்ரவரி 19

மாடத்தி ஒரு தடித்த பானை ஓட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கறுப்பு சிவப்புகூட இல்லை. சும்மா மண்ணாங்கட்டி நிறம். கழிவுக் குவியலில் போடு என்றேன். அவள் போடாமல் நின்றாள்.

"உடைஞ்ச எடத்துல பாருங்க சார். குதரவாலி உமில்லா பதிஞ்சு கெடக்கு."

ஜெபக்கனி ஓடி வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவள் குதிக்காத குறைதான். பல் டாக்டர் அச்சு எடுப்பாரே, அந்த மாவைக் குழைத்து ஓட்டின்மேல் அப்பி, உமியின் தடத்தை அப்படியே அச்செடுத்தாள்.

"சார், இது உள்ள விழுந்த உமி இல்ல. பானை வனையும்போதே களிமண்ணோட சேத்துப் பிசைஞ்சது. சூளையில உமி எரிஞ்சுபோச்சு, தடம் நின்னுபோச்சு. பின்னால யாரும் கொண்டுவந்து வைக்கவே முடியாது. பதிவேட்டுல ஒரு நம்பர் மட்டும் குடுங்க சார், நான் கட்டுரை எழுதிருவேன்."

கோழி கொத்தித் தின்பதற்கெல்லாம் பதிவேட்டில் நம்பர் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. ஓட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 4

ஜெபக்கனி பாசிப்பயறு சுண்டல் செய்து எல்லாருக்கும் கொடுத்தாள். உப்பு ஒரு கல் அதிகம். இரண்டாவது முறை வாங்கும்போது அதைச் சொன்னேன்.

டீக்கடைக்காரர் என் பத்து ரூபாய் நாணயத்தை வாங்கமாட்டேன் என்கிறார். புத்தம்புதுசு, இந்த வருடமே அச்சடித்தது. செல்லாது என்கிறார். அரசாங்க முத்திரையைக் காட்டினேன். "அரசாங்கத்துக்குத் தெரியும் சார், என் கிராக்கிக்குத் தெரியணுமே" என்கிறார். என்ன ஊரோ!

மார்ச் 24

சென்னை. பதவிக்கான நேர்காணல். 'உங்கள் தளத்தில் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு?' என்று கேட்டார்கள். மண்ணடுக்குகளைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். இயக்குநர் கொட்டாவியை விரலால் மூடினார்.

மார்ச் 26

பானை! பானை கிடைத்துவிட்டது!

நான் சென்னையில் இருந்த அன்றைக்கே வடகிழக்குக் கட்டத்தைத் திறந்திருக்கிறார்கள். (மண்டலக் கணக்கு 23-ஆம் தேதியோடு முடிந்தது. கோமதி வாழ்க.) ஈசானிய மூலையில் ஒரு முழத்துக்குக் கீழே முழுப் பானை, விரிசல்கூட இல்லை. கறுப்பு சிவப்பு. அதே அடுக்கில் பக்கத்துக் குழியில் எடுத்த கரிக்கு முன்பே காலம் கணித்திருக்கிறோம்: ஏறத்தாழ மூவாயிரம் வருடம். பானைக்கு மூடி இல்லை, வாய்வரை பொதபொத மண். மண்ணை ஜெபக்கனியிடம் கொடுத்தேன், சந்தோஷமாகவே கொடுத்தேன். இரவு ரசத்துக்குப் பதில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

மாடத்தி மட்டும் பாயசம் குடிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 28

ஜெபக்கனி மூச்சிரைக்க வந்தாள். பானை மண்ணில் கருகிய தானியம். ஒன்றல்ல, இரண்டல்ல. நெல், கோதுமை, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு.

"ஒம்போது சார். ஒரே பானையில. இப்படி உலகத்துல எங்கயும் கெடைச்சதில்ல."

மதியம் சாப்பிடவில்லை. இரத்த அழுத்த மாத்திரை இரண்டு போட்டேன்.

மார்ச் 29

கோமதியிடம் போனில் பேசினேன். குசலம் விசாரித்தேன். பேச்சோடு பேச்சாக, அன்றைக்குப் பையில் என்னென்ன தானியம் வைத்தாய் என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மாதான் என்றேன்.

ஆதிமனிதன் ஒன்பது தானியம் வைத்திருக்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அவனுக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள் அல்லவா? ஆராய வேண்டிய கோணம்.

மார்ச் 31

மாடத்தியைத் தனியே கூப்பிட்டு, பானை எடுத்தபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னீக?"

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"ஒங்களுக்குத்தான் தெரியுமே சார். நீங்களே போட்டதத்தான எடுத்தோம்."

அவளை நாளையிலிருந்து தெற்குக் குழிக்கு மாற்றிவிட்டேன். அங்கே நிழல் அதிகம்; அவள் நல்லதுக்குத்தான்.

ஏப்ரல் 1

ஏப்ரல் ஒன்று என்பதால் முதலில் நம்பவில்லை. ஈரம் காயாத துணியில் கிடந்த தானியத்தில் ஒரு பாசிப்பயறு முளைத்திருக்கிறது! இரண்டு இலை. பச்சைப்பசேல் என்று என்னைப் பார்க்கிறது.

ஜெபக்கனி சிரிக்கவில்லை. "சார், மூவாயிரம் வருஷத்துப் பயறு முளைக்காது. கொண்டைக்கடலையும் இவ்வளவு பெரிசா இருக்காது. எள்ளுல நெய் வாசனை அடிக்குது. எங்கயோ தப்பு நடந்திருக்கு. காலக் கணிப்புக்கு அனுப்பிட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம்."

நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் படம் எப்படியோ இயக்குநருக்குப் போய்விட்டது. (நான் அனுப்பியது 28-ஆம் தேதிப் படம் மட்டும்தான். இன்றைய படத்தை 'தகவலுக்காக' என்று போட்டுத்தான் அனுப்பினேன்.) பத்தே நிமிடத்தில் போன்.

"குற்றாலிங்கம்! மூவாயிரம் வருஷத்து விதை உயிரோட எழுந்திருக்கு! நேர்காணல்ல ஏன்யா இதைச் சொல்லல?"

'குற்றாலிங்கம் சார்' என்று கூப்பிடும் மனிதர், இன்று 'யா' போட்டுக் கூப்பிட்டார். இருபத்தொன்பது வருட சர்வீஸில் முதல் முறை.

ஏப்ரல் 9

அமைச்சர் வந்தார். வெள்ளிச் செம்பால் பயற்றஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கூட்டத்தைப் பார்த்து, "தூங்கிக் கொண்டிருந்த இனம் துளிர்த்துவிட்டது!" என்றார். பானை கிடைத்த இடத்திலேயே இருபத்தேழு அடி உயரத்தில் கான்கிரீட் நவதானியப் பானை கட்டப்படும் என்று அறிவித்தார். செடிக்கு இரண்டு போலீஸ் காவல். எனக்குப் பதினான்கு பொன்னாடை. பொன்னம்பலநாதன் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏழு தடவை தட்டினார்.

ஜெபக்கனி மேடைக்கு வரவில்லை. டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 17

தொலைக்காட்சியில் ஒரு மணி நேர விவாதம்: 'பானையில் கோதுமை: வந்ததா, போனதா?' ஒருவர், வடக்கிலிருந்து வணிகத்தில் வந்த கோதுமை என்றார். இன்னொருவர், இங்கிருந்துதான் வடக்குக்கே கோதுமை போனது, அவர்களுக்குச் சப்பாத்தி போடக் கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்றார். மேசையைக் குத்தியதில் தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்தது.

எண்ணெய்ச் செக்கு உரிமையாளர் சங்கம் எள்ளுக்காக வாழ்த்து அனுப்பியிருக்கிறது. மாவட்ட ஜோதிடர் சங்கம் எனக்கு 'நவக்கிரகச் செம்மல்' பட்டம் கொடுத்தது. மூவாயிரம் வருடத்துக்கு முன்பே ஒன்பது கிரகத்தையும் தமிழன் அறிந்திருந்தான் என்பதற்கு நான்தான் சாட்சியாம். பகுத்தறிவாளனாகிய நான் மறுத்திருக்க வேண்டும். போர்த்த வருகிறவர் கையைத் தட்டிவிடவா முடியும்?

ஏப்ரல் 25

செடி பூத்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மே 5

காலக் கணிப்பு முடிவு வந்துவிட்டது. ஒரே வரி: தானியம் இந்தக் காலத்தது. மூவாயிரத்தில் மூன்று வருடம்கூடத் தேறவில்லை.

ஜெபக்கனி அதை எனக்கும் இயக்குநருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டாள். நேர்மையான பெண், விவரம் போதாது. மாலையில் இயக்குநர் போனில் கத்தினார். எப்படிக் கலந்தது, யார் கலந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். முகாமில் யாராவது பயறு வகை சாப்பிடுவதுண்டா என்று கேட்டார். ஓர் அதிகாரி கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? மார்ச் மாதம் ஒருநாள் ஜெபக்கனி சுண்டல் கொண்டுவந்த விஷயத்தைப் பேச்சுவாக்கில் சொன்னேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மே 7

மெமோ வந்திருக்கிறது, நகல் ஜெபக்கனிக்கும். 'ஒப்பந்த ஆய்வாளர் டாக்டர் ஜெபக்கனி, உணவருந்திய கையுடன் மாதிரிகளைக் கையாண்டு, காலக் கணிப்புக்கு அனுப்பிய தானியத்தில் தம் மதிய உணவைக் கலந்துவிட்டமை தெரியவருவதால்...' தளப் பொறுப்பாளர் என்ற முறையில் கீழே நான் கையெழுத்திட வேண்டும். இப்படி ஒரு காகிதம் போனால், பிறகு எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசலில்கூட நிற்கவிடாது.

பேனாவில் மை இல்லை என்று எடுத்துவைத்துவிட்டேன்.

மே 8

பேனாவில் மை இருக்கிறது. மெமோ கையெழுத்தில்லாமல் இழுப்பறையிலேயே கிடக்கிறது.

மே 9

வெயில் 104. வேலை வழக்கம்போல்.

மே 12

மாடத்தி வந்தாள். தெற்குக் குழியிலிருந்து, கேட்காமல், நேரே என் மேசைக்கு.

"அந்தப் புள்ள ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கு. சுண்டலு எல்லாருந்தான தின்னோம்? நீங்க ரெண்டு வாட்டி வாங்கித் தின்னீகள்லா?"

இது அலுவலக விஷயம், உனக்குப் புரியாது என்றேன்.

"என்ன புரியணும்? நெய்ய நீங்க ஊத்துனீக, நெருப்ப நா வச்சேன். வாய மூடுன்னீக, மூடுனேன். நீங்க மூடச் சொன்னது பூசைக்கு. ஒரு பொம்பளப் புள்ள பொழப்பக் கெடுக்கதுக்கும் சேத்தா மூடச் சொன்னீக?"

"வெளியில ஏதாவது சொல்லிவச்சிட்டியா?"

"போன மாசமே டிவிக்காரன்ட்டச் சொன்னேன். 'அக்கா, செடிய மறைக்காதீங்க, கொஞ்சம் ஓரமா நில்லுங்க'ன்னுட்டான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீ ஆறிப்போனது. இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். 'அவள் நல்லதுக்குத்தான்', 'தகவலுக்காக', 'பேச்சுவாக்கில்'. என் கையெழுத்துதான். படிக்கச் சகிக்கவில்லை.

மே 14

எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். பிப்ரவரி 3, காலை 6.40, ஈசானிய மூலை, நெய், சிரட்டை, ஒன்பது தானியம். அனைத்துக்கும் நானே பொறுப்பு. டாக்டர் ஜெபக்கனி ஆரம்பத்திலேயே எச்சரித்தார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கையெழுத்துப் போட்டேன். பிறகு நன்றாகப் பசித்தது. மூன்று தட்டு சாப்பிட்டேன்.

மே 16

இயக்குநர் போன். உரையாடலை அப்படியே எழுதுகிறேன். பின்னால் யாரும் நான் கற்பனை செய்தேன் என்று சொல்லக்கூடாது.

"குழியில பூஜை போட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"குழியில பூஜை போடக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு, தெரியுமா?"

"நான்தான் சார் எழுதினேன்."

"அப்ப நடந்திருக்க முடியாது."

"நடந்துச்சு சார். நான்தான்..."

"துறைக் குறிப்பேடு என் முன்னால இருக்கு. பிப்ரவரி மூணு, காலை 9.05, பணி தொடக்கம். உங்க கையெழுத்து. 6.40-க்குக் குழியே கிடையாது. இல்லாத குழியில, நடக்காத பூஜையில போட்ட தானியம், பானைக்குள்ள எப்படிங்க வரும்?"

வாதத்தில் ஓட்டையே இல்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, மெமோவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதைச் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன்.

"போட வேண்டாமே. அந்தம்மா ஒப்பந்தம் முப்பத்தொண்ணோட முடியுது. நீட்டிக்க நிதி இல்லைன்னு எழுதிட்டாப் போச்சு. கான்கிரீட் பானைக்கே பத்தல. மெமோவைக் கிழிச்சுப் போடுங்க. உங்க கடிதத்தையும் நான் கிழிச்சுட்டேன். அப்புறம், வாழ்த்துகள். இணை இயக்குநர் ஆணையில அமைச்சர் கையெழுத்துப் போட்டாச்சு."

வேண்டாம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். 'நன்றி சார்' என்றுதான் வாயில் வந்தது. இருபத்தொன்பது வருடப் பழக்கம்.

கோமதி போனில் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். ஜோசியருக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கப் போகிறாளாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே 30

டாக்டர் ஜெபக்கனி நாளை கிளம்புகிறார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், எல்லாவற்றையும் என் வாயாலேயே சொன்னேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

அவர் கடைசி வடிகட்டியைத் தாளில் சுற்றி முடித்தார்.

"முளைச்ச பயறு மேல துளி குங்குமம் இருந்துச்சு சார். அன்னைக்கே எனக்குத் தெரியும், யாரோ பூஜை போட்டிருக்காங்கன்னு. யாருன்னுதான் தெரியல. நீங்களா இருக்கும்னு நினைக்கவே இல்ல. சுற்றறிக்கையில உங்க பேரப் பாத்திருக்கேன்ல?" சுற்றிய வடிகட்டியைப் பைக்குள் திணித்தார். "சுண்டலைப் பத்தி நீங்கதான் சொன்னீங்கன்னு தெரிஞ்சப்பதான் சார் தாங்க முடியல. உப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது தட்டு வாங்கினீங்களே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றேன். மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை. அதைக் கேட்கிற தகுதியும் எனக்கில்லை. உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு நம்பர்."

கைக்குட்டையை அவிழ்த்து அந்த ஓட்டை மேசைமேல் வைத்தார். பதிவேட்டை எடுத்தேன். பிப்ரவரி 19-ஆம் தேதிப் பக்கத்தில், இரண்டு வரிக்கு நடுவே, பொடி எழுத்தில் எழுதினேன்: 'ஏ-4, எண் 31அ. பானை ஓடு. களிமண்ணில் கலந்த குதிரைவாலி உமியின் தடம். கண்டெடுத்தவர்: மாடத்தி. உறுதிசெய்தவர்: டாக்டர் ஜெபக்கனி. பதிவு செய்த நாள் மே 30.' நிராகரித்தவர் என்று பதிவேட்டில் கட்டம் எதுவும் இல்லை. குறிப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முதல் முறையாக. அரிசி முனையைவிடச் சின்னக் குழி. அதற்குள் நாலைந்து கோடு. யாரோ ஒருத்தி உமியை அள்ளிக் களிமண்ணில் போட்டுப் பிசைந்திருக்கிறாள். மூவாயிரம் வருடம் அது சும்மா இருந்திருக்கிறது. நான் கழிவுக் குவியலில் போடச் சொன்னேன்.

ஜூன் 2

பத்திரிகைகளுக்கு நானே போன் செய்தேன். உண்மையான மூவாயிரம் வருடத் தானியத் தடம் ஒன்று கிடைத்திருக்கிறது என்றேன். எத்தனை தானியம் என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். முளைக்குமா என்று கேட்டார்கள். முளைக்காது, தடம் மட்டும்தான் என்றேன். செய்தி இருந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஜூன் 6, வெள்ளி

கான்கிரீட் பானைக்கு அடிக்கல் நாட்டு விழா. ஏ-4 குழியின் மேலேயே. வடக்கே இன்னும் தோண்டாத நான்கு குழிக்கும் சேர்த்து அஸ்திவாரம் வருகிறது. அந்த ஓட்டின் மீதிப் பானை அங்கேதான் எங்கோ கிடக்கிறது. இணை இயக்குநராக என் முதல் வேலை, அதன்மேல் ஜல்லி கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது.

ராகு காலம் பத்தரைக்கு. ஒன்பதரைக்கே ஐயர் வந்துவிட்டார், அக்னி வளர்த்தாயிற்று. நான் இயக்குநரின் காதருகே போய், சுற்றறிக்கை இருக்கிறதே என்றேன்.

"அது தோண்டுற குழிக்குங்க. இது கட்டுற குழி. வேற துறை."

ஐயர் என்னைத்தான் கூப்பிட்டார். பானையைக் கண்டெடுத்த அதிகாரி கையால் போட்டால்தான் விசேஷமாம். பித்தளைத் தட்டில் ஒன்பது தானியம் கொடுத்தார்கள். ஈசானிய மூலையில் குனிந்தேன். கேமராக்கள் மின்னின. தானியத்தை நெருப்பில் கொட்டினேன். பாதி கருகியது, பாதி கருகவில்லை.

பர்ஸில் அந்தப் பத்து ரூபாய் நாணயம் இன்னும் இருந்தது. எந்தக் கடையிலும் வாங்காத நாணயம். வருடம் தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி தானியத்தின் நடுவில் வைத்தேன். இன்னும் மூவாயிரம் வருடம் கழித்து ஒரு குற்றாலிங்கம் இங்கே வந்து தோண்டினால், அவனாவது ஏமாறாமல் இருக்கட்டும். பக்கத்தில் மண்சட்டியோடு மாடத்தி நின்றாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இதையாவது வெளிய சொல்லலாமா சார்?"

"சொல்லு மாடத்தி. எல்லார்கிட்டயும் சொல்லு."

"சொல்லிருவேன். கேட்டு நம்பணும்லா" என்று சொல்லிவிட்டு மண்ணைக் கொட்டினாள்.